என் தொடையில் கிடந்த டெட்டனேட்டர்

ஊரில் என்னைப் பற்றி மூன்று கதைகள் ஓடுகின்றன. வயிற்றில் குண்டு இருந்தது என்கிறார்கள் டீக்கடையில். ஈராக்கில் யாரோ சுட்ட தோட்டாவைத்தான் தஞ்சாவூரில் எடுத்தார்கள் என்கிறார்கள் உரக்கடையில். மூன்றாவது கதையை என்னிடமே வந்து கேட்டார் ஒருவர். "ஏன் தம்பி, ஆஸ்பத்திரியவே காலி பண்ணிட்டு ஒனக்கு ஆபரேஷன் பண்ணாங்களாமே, போலீஸ் கேஸ் ஒண்ணும் இல்லியே?"

கேஸ் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியையும் முழுதாகக் காலி செய்யவில்லை. ஒரு மாடியில் ஒரு பக்கத்தை மட்டும்தான். நடந்ததை நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை. வயலை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் அடிபட்டு, உள்ளே துண்டு இருக்கட்டும், ஒன்றும் செய்யாது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் படிக்க வேண்டும்.

என் பெயர் குணசேகரன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அண்ணனும் நானும் குத்தகை நிலம் சாகுபடி செய்கிறோம். எனக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பதால் நடுவில் சில வருஷம் வெளிநாடு போனேன். கடைசியாகப் போனது தெற்கு ஈராக்கில் ஒரு பாலைவனம். அங்கே ஒரு பழைய விமான ஓடுபாதை. பல வருஷங்களுக்கு முன் நடந்த சண்டையில் அதன் மேல் போட்ட குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றை எடுத்து நிலத்தைச் சுத்தம் செய்யும் கம்பெனிக்கு நான் தண்ணீர் லாரி ஓட்டினேன். குண்டு எடுக்கும் வேலை எனக்கு இல்லை. குடிக்க, குளிக்க, புழுதி அடங்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான்.

அங்கே எங்கள் மேற்பார்வையாளர் சிவநேசன். இலங்கையில் வன்னிக்காரர், சொந்த ஊரிலேயே கண்ணிவெடி எடுத்துப் பழகியவர். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று நான் அவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒருநாள் மண்ணிலிருந்து எடுத்து வைத்திருந்த நீளமான தகரப் பெட்டி ஒன்றின் உடைந்த பாகத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"விமானம் குண்டு போடுறதெண்டா ஒண்டை விட்டுட்டுப் போகும் எண்டுதானே நினைக்கிறீர்? இது வேற மாதிரி" என்றார். "விமானத்தின்ர வயித்தோட ஒரு நீளப் பெட்டியைப் பூட்டி விடுவாங்கள். உள்ளுக்க குழாய் குழாயாய் அறை. ஒவ்வொரு அறைக்குள்ளயும் சின்னக் குண்டு, இல்லாட்டிக் கண்ணிவெடி. ஓடுபாதைக்கு மேலால தாழப் பறந்துகொண்டு பொத்தானை அமத்தினா எல்லாம் கொட்டுப்படும்."

"ஏன் ரெண்டு வகை?"

"குண்டு ஓடுபாதையைக் கிண்டிப் பாழாக்கும். கண்ணிவெடி அதைத் திருத்த வாற ஆக்களை மறிக்கும். புல்டோசர் கொண்டு வருவினம்தானே, அவைக்குத்தான் அது." அந்தத் தகரத்தைக் காட்டிச் சொன்னார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த எங்களையும் மறிச்சுக்கொண்டுதான் கிடக்குது."

அந்தக் கண்ணிவெடிகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய டம்ளர் அளவு இருக்கும். விழுந்ததும் பக்கவாட்டில் இருக்கும் கம்பித் தகடுகள் விரிந்து அதை நிமிர்த்தி நிறுத்திவிடும். பிறகு காற்று மண்ணைக் கொண்டுவந்து மூடிவிடும்.

எனக்கு அடிபட்ட நாளில் நான் கொடி நட்ட பாதைக்குள்தான் ஓட்டினேன். இரவெல்லாம் அடித்த காற்று மண்ணை எங்கிருந்தோ எங்கேயோ நகர்த்தியிருந்தது. முன்சக்கரத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. லாரிக் கதவு உள்பக்கமாக மடங்கி என் மேல் கிடந்தது. இடது தொடையில் வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அங்கே ஆஸ்பத்திரியில் பல துண்டுகளை எடுத்தார்கள். ஆழத்தில் இருந்த இரண்டு மூன்றை விட்டுவிட்டார்கள். பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருக்கிறது, அதைத் தேடிப் போவதுதான் ஆபத்து, உடம்பே அதைச் சுற்றிச் சதையால் மூடிக்கொள்ளும் என்றார்கள். பொதுவாக எல்லா டாக்டர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று பிறகு தஞ்சாவூரிலும் சொன்னார்கள். யார் மேலும் குறை இல்லை.

ஊருக்கு வந்தேன். நடந்தேன், உழுதேன், வண்டி ஓட்டினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை.

சென்ற சம்பாவில் பக்கத்து வயல்காரர் பூச்சிமருந்து தெளிக்க ட்ரோன் வாடகைக்கு எடுத்திருந்தார். நான் எங்கள் வரப்பில் நின்று களை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த ரீங்காரம் கேட்டது. திரும்பினால், தலைக்குக் கொஞ்சம் மேலே, வயிற்றில் பெட்டி மாட்டிய ஒன்று இரண்டு பக்கமும் எதையோ கொட்டிக்கொண்டு நேராக வருகிறது. அது மருந்து என்று எனக்குத் தெரியும். காலையில் அவரோடு டீ குடித்தபோது அதைப் பற்றித்தான் பேசினோம். ஆனால் கால்கள் கேட்கவில்லை. ஓடினேன். வரப்பு வழுக்கி, வாய்க்கால் மதகின் சிமெண்ட் கட்டையில் இடது தொடை படும்படி விழுந்தேன். ட்ரோன் ஓட்டிய பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

வீக்கம் வந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். என் மனைவி சுமதி, துணியைச் சுடச்சுடப் பிழிந்து அந்த இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். பிறகு ஜுரம். நன்னிலத்தில் மாத்திரை கொடுத்தார்கள். ஜுரம் விட்டு விட்டு வந்தது. தொடை சிவந்து, தொட்டால் கொதித்தது. தஞ்சாவூருக்குப் போய்விடுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் வாடகைக் கார் பிடித்தார். எங்கள் மகள் யாழினியை அண்ணியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ஐந்து வயது. "அப்பாவுக்கு ஊசி போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முதலில் காத்திருப்புதான். மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டு என்னைச் சாய்த்து உட்காரவைத்தார் அண்ணன். எதிரே ஒரு பெரியவர் தன் எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் ஏதோ ஒரு வலி, நமக்கும் ஒன்று என்றுதான் அப்போது இருந்தது. பயம் இன்னும் வரவில்லை.

அறுவை சிகிச்சை டாக்டர் மல்லிகா ஐம்பது வயதைத் தாண்டியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, அது எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். நாம் படுத்திருக்கும் குகையைச் சுற்றிக் காந்தத்தை வைத்து உடம்பின் உள்ளே படம் எடுக்கிறார்கள். அதனால் உடம்பில் இரும்பு இருக்கக்கூடாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சட்டையை மாற்றி, அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிட்டு, சக்கரக் கட்டிலில் கதவு வரை போய்விட்டேன்.

அங்கே இருந்த பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "அண்ணே, ஹார்ட்டுக்கு எதாச்சும் மிஷின் வச்சிருக்கா? கால்ல பிளேட்டு, ஸ்க்ரூ?"

நான் இல்லை என்றேன். அவள் கேட்டதற்கு அதுதான் சரியான பதில். பின்னால் நின்ற சுமதி சொன்னாள்: "பிளேட்டு இல்லீங்க. குண்டுத் துண்டு இருக்கு."

அந்தப் பெண் கட்டிலின் பிடியை விட்டுவிட்டாள். "என்ன துண்டு?"

சுமதி அதிகம் பேசாதவள். பயந்தால் இன்னும் குறைத்துக்கொள்வாள். அன்று அவள் அந்த நாலு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் அந்தக் காந்தம் என்ன செய்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் மல்லிகா படத்தை வெளிச்சத்தில் மாட்டி என்னையும் பார்க்கச் சொன்னார். தொடை எலும்பு பெரிதாக வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் வெள்ளையாக மூன்று புள்ளிகள்.

"இது ரெண்டும் உடைஞ்ச துண்டு. ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கு பாருங்க. இது மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்கா இருக்கு?"

சுண்டுவிரலின் நுனிக்கணு அளவில் ஒரு சின்னக் குழாய். ஒரு முனை மூடியிருந்தது. யாரோ செய்து வைத்ததுபோல் வழவழவென்று இருந்தது.

"நீங்க அங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெட்டி, அதிலிருந்து கொட்டிய கண்ணிவெடிகள், லாரி, எல்லாவற்றையும். நான் முடித்ததும் எழுந்து உட்காரப் போனேன்.

"அசையாதீங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பயம் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் வந்தது. அதன்பிறகு அது போகவில்லை.

படத்தை சிவநேசன் அண்ணனுக்கு அனுப்பினோம். அவர் வேறொரு நாட்டில் அதே வேலையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"படத்தைப் பார்த்து அடிச்சுச் சொல்ல ஏலாது டொக்டர். டெட்டனேட்டராயும் இருக்கலாம், வெறும் குழாயாயும் இருக்கலாம்."

டெட்டனேட்டர் என்றால் என்ன என்று சுமதிக்காக அவரே விளக்கினார். கண்ணிவெடிக்குள் இருக்கும் பெரிய வெடிமருந்து தானாக வெடிக்காது. அதை வெடிக்கவைக்க ஒரு சின்னக் குழாயில் சீக்கிரம் தீப்பற்றும் மருந்தை அடைத்து வைத்திருப்பார்கள். அடித்தாலோ, சூடானாலோ, மின்சாரம் பட்டாலோ முதலில் அது வெடிக்கும்.

"அப்ப அங்கயே அது வெடிச்சிருக்கணுமே?" என்றார் டாக்டர்.

"அந்த இடத்தில ரெண்டு கிடந்திருக்கும் போல. ஒண்டு வெடிச்சு மற்றதை உடைச்சு எறிஞ்சிருக்கும். அதின்ர துண்டு தம்பிக்குள்ள போயிருக்கும். நான் நினைக்கிறன், அவ்வளவுதான்." கடைசியாக, "டெட்டனேட்டர் எண்டே நினைச்சு நடவுங்கோ" என்றார். பிறகு என்னிடம், "தம்பி, பயப்பிடாதையும்" என்றார். அவர் குரலிலேயே பயம் இருந்தது. அவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

என்னை மூன்றாவது மாடியின் கடைசி அறைக்கு மாற்றினார்கள். கட்டிலைத் தள்ளிய இரண்டு பேரும் முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தள்ளினார்கள். லிஃப்ட் நிற்கும்போது வரும் அந்தச் சின்ன அதிர்வுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து அறை நோயாளிகளைக் கீழே மாற்றினார்கள். தாழ்வாரத்தில் சக்கர நாற்காலிகள் போகும் சத்தம், பைகளை இழுக்கும் சத்தம், "எதுக்குங்க மாத்துறீங்க?" என்று யாரோ கேட்பது, எல்லாம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படி ஓர் அமைதி இருக்கக்கூடாது.

காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டிலுக்கு அருகே போன் கூடாது என்றார். தரையில் சிவப்பு நாடா ஒட்டி, தேவைப்பட்டால் தவிர யாரும் தாண்டக் கூடாது என்றார். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள் சார் என்று கேட்டேன்.

"மருந்து கொஞ்சூண்டுதாங்க இருக்கும். வெளியில வெடிச்சா ரெண்டு விரல் போகும். ஆனா அது இருக்குற எடம் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல. உள்ள வெடிச்சா…" என்றார்.

அதற்குப் பிறகு என் தொடை என்னுடையதாக இல்லை. அசையாமல் படுத்திருந்தேன். இருமல் வந்தால் வாயைப் பொத்தி அடக்கினேன். தும்மலைக் கண்டு பயந்தேன். ஜுரத்தில் உடம்பு தானாக நடுங்கும்போது, இந்த நடுக்கம் போதுமா, இது போதுமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். சிறுநீர் கழிக்கப் பாத்திரம் வைக்க அண்ணன் வந்தார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாம்பைக் கையால் பிடித்து எறிவார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம் போடா" என்றார்.

மனசு பின்னால் ஓடியது. உழவு மிஷினில் உட்கார்ந்து நாளெல்லாம் குலுங்கியிருக்கிறேன். பைக்கில் பள்ளங்களில் விழுந்து எழுந்திருக்கிறேன். இந்தத் தொடையில்தான் தேங்காயை வைத்து உரித்திருக்கிறேன். யாழினி சாப்பிட மறுத்தால் இந்தத் தொடையில்தான் உட்காரவைத்து, குதிரைபோல் ஆட்டி ஆட்டிச் சோறு ஊட்டுவேன். அவள் வேகமாக ஆட்டச் சொல்வாள். நானும் வேகமாக ஆட்டுவேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வாந்தி வந்தது. வாந்தி எடுக்கக்கூடப் பயந்து, தலையை மட்டும் திருப்பிப் படுக்கையிலேயே எடுத்தேன்.

சுமதி நாடாவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எழுந்து நாடாவைத் தாண்டி வந்தாள். வாசலில் நின்ற போலீஸ்காரர், "அம்மா, அம்மா" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் துடைத்தாள், தலையணை உறையை மாற்றினாள். அண்ணி கொடுத்தனுப்பிய கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினாள்.

"அந்தப் பக்கம் போ சுமதி."

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு. குடிச்சிடுங்க."

"சொன்னா கேளு. பாப்பா இருக்கா."

அந்த வார்த்தைக்கு அவள் கை நின்றது. பிறகு மீதியையும் ஊட்டிவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு அவள் நாடாவைத் தாண்டவில்லை.

அவசரப்பட வேண்டாம், வெளியூரிலிருந்து இன்னும் பெரிய நிபுணர்களை வரவழைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. என் ரத்தம் காத்திருக்கவில்லை. தொடையில் இருந்த கிருமி ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தது. அப்படிக் கலந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாக நின்றுபோகும். டாக்டர் மல்லிகா வந்து நாடாவைத் தாண்டி, என் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தார்.

"குணசேகரன், இன்னும் காத்திருந்தா அது வெடிக்காமலேயே நீங்க போயிடுவீங்க. நான் எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

யார் யார் உள்ளே வருவார்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, சிலர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், அதில் தப்பில்லை என்றார். "நானு, மயக்க டாக்டர், ஜோஸ்பின் சிஸ்டர். மூணு பேர் போதும்."

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களா டாக்டர்?"

"ரெண்டு பேரு. வளர்ந்துட்டாங்க" என்று எழுந்துகொண்டார்.

ஜுரத்தில் நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் முழு மயக்கம் கொடுக்க முடியாது என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆனால் விழித்திருப்பேன். அதைக் கேட்டபோது, முழுதாகத் தூங்கவைத்துவிடுங்கள், எழவில்லை என்றாலும் பரவாயில்லை என்று கெஞ்சினேன். இன்னொரு விஷயத்தையும் முன்பே சொன்னார்கள். வழக்கமாக அறுக்கும்போது ரத்தக் கசிவை மின்சாரச் சூட்டால் சுட்டு அடைப்பார்கள். எனக்கு அது கூடாது. ஒவ்வொரு கசிவையும் கையால் நூல் கட்டித்தான் நிறுத்த வேண்டும். நேரம் ஆகும், ரத்தம் போகும். அண்ணனும் ஊரிலிருந்து வந்த சிலரும் ரத்தம் கொடுத்தார்கள்.

ஆபரேஷன் அறையில் மேஜையைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். டாக்டருக்கு போலீஸ்காரர்களின் கனமான கவசச் சட்டையை மாட்டி, முகம் மறைக்கும் கண்ணாடி வைத்த தலைக்கவசம் போட்டிருந்தார்கள். கையில் மட்டும் வழக்கமான ரப்பர் உறை.

"கைக்கு ஒண்ணும் இல்லியா டாக்டர்?" என்றேன்.

"கைக்குப் போட்டா எப்படிங்க வேலை பார்க்கிறது?" என்றார்.

இடுப்பில் ஒரு துணியைத் திரைபோலக் கட்டினார்கள். எனக்கு விளக்கும் சிஸ்டர் ஜோஸ்பினின் கண்களும்தான் தெரிந்தன. உள்ளே அறுப்பது வலியாகத் தெரியவில்லை. யாரோ இன்னொருவர் காலைப் பிடித்து இழுப்பதுபோல் தெரிந்தது. பல் கிட்டித்துக்கொண்டது. உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. சிஸ்டர் என் நெற்றியில் கை வைத்தார்.

"சிஸ்டர், வெளியில என் ஒய்ஃப் நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க அண்ணே. கதவுகிட்டயேதான் நிக்கிறாங்க."

அதைக் கேட்டதும் ஒரு தெம்பு வந்தது. அடுத்த மூச்சிலேயே பயம் இரட்டிப்பானது. கதவு கண்ணாடிக் கதவு. அவளைப் போகச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர், "பேச வேணாம்" என்றார். சீழ் வெளியே வந்தது. அதன் நாற்றம் அறையை நிறைத்தது. பிசிறுத் துண்டு ஒன்று தட்டில் விழுந்து கிண்ணென்று ஒலித்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோருமே துள்ளினோம். அதன்பிறகு தட்டில் பஞ்சு போட்டார்கள்.

பிறகு டாக்டர் கேட்டார்: "தெரியுதா?" மயக்க டாக்டர், "தெரியுது" என்றார். இடுக்கி வேண்டாம், அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்குத்தான் தெரியும் என்று சொன்னார் டாக்டர் மல்லிகா. நான் யாழினியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி பெயர் எதுவும் வரவில்லை.

சிஸ்டர் ஜோஸ்பின் என் தலைமாட்டிலிருந்து நகர்ந்தார். டாக்டர் விரலால் எடுத்து வைத்த குழாயோடு, பஞ்சு நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி என்று கதவை நோக்கிப் போனார். அங்கே முழுக் கவசத்தில் நின்ற ஆள் அதை மணல் பெட்டிக்குள் வாங்கி வைத்தார். திரைக்கு மேலே நிமிர்ந்த டாக்டர் மல்லிகா தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். தலைமுடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. "இனிமே சாதாரண ஆபரேஷன்தான்" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். தையல் போட்டு முடிக்கும்வரை அழுதுகொண்டே இருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அதை ஊருக்கு வெளியே ஆற்று மணலில் வைத்து அழித்தார்கள். டெட்டனேட்டர்தான் என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளே மருந்தும் இருந்திருக்கிறது. "தானா வெடிச்சிருக்குமா சார்?" என்று கேட்டேன். தாங்கள் வேறொரு வெடியை வைத்துத்தான் அதை வெடிக்கச் செய்ததாகவும், இரண்டும் ஒரே சத்தத்தில் போய்விட்டதாகவும் சொன்னார். உள்ளே இருந்த மருந்து நனைந்து செத்துப் போயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். "இனிமே அது யாருக்கும் தெரியாதுங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை.

ஜுரம் மெல்ல இறங்கியது. பக்கத்து அறைகளில் மறுபடி ஆட்கள் வந்தார்கள். ஒரு சின்னக் குழந்தை இருமியது, டி.வி. ஓடியது, பாத்திரம் விழுந்தது. சத்தம் எல்லாம் இனிப்பாக இருந்தது. ஆபரேஷனுக்கு வர முடியாது என்று சொன்ன நர்ஸ் ஒருத்தி தினமும் கட்டு மாற்ற வந்தாள். முதல் நாள் அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. "எனக்கு ஆறு மாசக் கொழந்தை இருக்கு அண்ணே" என்றாள். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இத்தனை நாளும் சுமதி கலங்கவே இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், மாத்திரை வாங்கினாள், கஞ்சி கொண்டுவந்தாள், அண்ணனைத் தூங்கச் சொன்னாள். கல் மாதிரி நிற்குது அந்தப் பொண்ணு என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் அண்ணன் கார் ஓட்டினார். நான் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். சுமதி என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினார் அண்ணன். நிலக்கடலை விற்பவர் ஜன்னல் பக்கம் வந்து போனார். திடீரென்று என் தலைக்குக் கீழே அவள் உடம்பு ஆடுவது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் பற்கள் அடித்துக்கொண்டன.

"என்ன சுமதி? ஜுரமா?"

"ஆபரேஷன் அன்னிக்கு நான் கதவுகிட்ட நிக்கலங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "சிஸ்டர் சொன்னாங்களே…"

"அவங்க ஒங்களுக்காகச் சொல்லியிருப்பாங்க. நிக்கணும்னுதான் வந்தேன். அங்கதான் நின்னேன். அப்புறம் பாப்பா நெனைப்பு வந்துடுச்சு. அவளுக்கு ஒருத்தராச்சும் வேணும்ல. எறங்கிப் போயிட்டேன். மெயின் கேட்டத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன். ஒங்கள உள்ள விட்டுட்டு…" மூச்சு வாங்கியது. "சத்தம் கேட்டுடுமோன்னு காதப் பொத்திக்கிட்டு நின்னேன். அண்ணன் வந்து கையப் புடிச்சு இழுக்கிற வரைக்கும் பொத்திக்கிட்டே நின்னேன்."

அண்ணன் முன்னால் கண்ணாடியைப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போனதுதான் சரி" என்றேன். "நான் அதுக்குத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. ரயில் வந்தது, நீளமான சரக்கு ரயில். கார் அதிர்ந்தது. கேட் திறந்து, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. சொல்லச் சொல்லவே அவளுடைய இரண்டு கைகளும் காதுகளுக்குப் போய் அங்கேயே இறுகியிருந்தன. நான் கையை உயர்த்தி அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, என் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன்.